தயவுசெய்து எனக்கு இனி மழை வீடியோ அனுப்பாதீர்கள்

காது இரைச்சலைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நடந்த அந்த லைவைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாள் அடக்கிக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். வெளியில் சத்தமே இல்லாதபோதும் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும் இந்த இரைச்சலுக்கு அவரவர் காதை அளந்து ஒலி அமைத்துத் தருகிறார்களே, அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டேன். லைவில் பேசியவர் சிரித்தார். "அதெல்லாம் காசு பிடுங்குற வேலைங்க. மழைச் சத்தம் போட்டுக் கேளுங்க, போதும்" என்றார். அன்று இரவுக்குள் எனக்கு வந்து சேர்ந்த பத்து மணி நேர மழை வீடியோக்கள் மட்டும் 14. அனுப்பிய எல்லோரும் என்மேல் அக்கறை உள்ளவர்கள். அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். என் காதில் கேட்கும் சத்தம் வேறு, இன்னொருவர் காதில் கேட்பது வேறு. ஒருவருக்கு விசில். ஒருவருக்குச் சில்வண்டு. இன்னொருவருக்குத் தூரத்தில் மோட்டார் ஓடுவது போன்ற உறுமல். சிலருக்கு ஒரு காதில், சிலருக்குத் தலைக்கு நடுவில். 2022இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, உலகில் 74 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு இது இருப்பதாகவும், அதில் சுமார் 12 கோடிப் பேருக்குக் கடுமையாக இருப்பதாகவும் கணக்கிட்டது. இத்தனை பேருக்கும் ஒரே மழையா?

மழைச் சத்தத்தால் நிம்மதி அடைகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் கெட்டுப்போய், உயர்ந்த சுருதி ஒலிகள் சரியாகக் கேட்காதவருக்கு அந்த மழையில் பாதி போய்ச் சேருவதே இல்லை. அங்கிருந்து வர வேண்டிய ஒலி வராததால் மூளை தன் பங்குக்கு ஒலியைப் பெருக்கிக்கொள்கிறது, அதுவே இரைச்சலாகக் கேட்கிறது என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அவருக்கு முதலில் தேவை காது கேட்கும் கருவியாகக்கூட இருக்கலாம். சாதாரணச் சத்தமே கூசும் காது இருப்பவருக்கு அதே மழை ஊசி. இன்னும் சிலர் இரைச்சலை அமுக்கிவிட வேண்டும் என்று ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், நாலு மாதம். எட்டு வருடம் ஹெட்போன் மாட்டிப் பார்த்த வேலையில் கெட்ட காதுக்கு, மறுபடியும் ஹெட்போன்.

அப்புறம்தான் ஒரு ஆடியாலஜிஸ்டிடம், அதாவது காது கேட்கும் திறனை அளந்து பார்க்கும் நிபுணரிடம் போனேன். சத்தம் புகாத சின்ன அறை. இரண்டு ஒலிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "முதலாவதா, இரண்டாவதா, எது உங்க சத்தத்துக்குக் கிட்ட?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். 4000 ஹெர்ட்ஸா, 8000 ஹெர்ட்ஸா? நடுவில். 6000 வந்ததும் எனக்குச் சட்டென்று தொண்டை அடைத்துவிட்டது. அதுதான். எனக்குள்ளேயே கிடந்த சத்தம் வெளியிலிருந்து வந்தது. சரிபாதி ஹெர்ட்ஸில், அதாவது ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் ஒலியோடு பலரும் குழப்பிக்கொள்வார்கள் என்பதால் 3000மும் போட்டுச் சரிபார்த்தார். பிறகு அதன் அளவு. என்னை இரண்டு வருடம் தூங்கவிடாத அந்தச் சத்தம், எனக்குக் கேட்கத் தொடங்கும் அளவைவிட வெறும் 5 டெசிபல்தான் அதிகம்! அவமானமாக இருந்தது. "பெரும்பாலும் இப்படித்தான் வரும். இந்த எண்ணை வச்சு உங்க கஷ்டத்தை அளக்க முடியாது" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் போயிருக்கலாம்.

பிறகு, நான் தினமும் கேட்பதற்கான ஒலியைத் தேர்ந்தெடுக்க மூன்று ஒலிகள் போட்டுப் பார்த்தோம். நுரை போன்ற சீறல் எனக்கு எரிச்சல் மூட்டியது. கடைசியில் என் ஆடியோகிராமுக்கு (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்துக்கு) ஏற்பத் திருத்திய மெல்லிய அலை ஒலி நின்றது. என் இரைச்சலை மூடாமல், அதற்குச் சற்றுக் கீழே, இரண்டும் சேர்ந்து கேட்கும்படி. மூடிவிட்டால் மூளை எதைப் பழகிக்கொள்ளும்?

சரி, ஆதாரம் எங்கே என்று கேட்பவர்கள் வந்துவிடுவீர்கள். தெரியும், நானும் படித்திருக்கிறேன். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பின் 2018 ஆய்வு, 8 சோதனைகளை, 590 பேரைப் பார்த்துவிட்டு, ஒலி சிகிச்சை எடுப்பது சிகிச்சை இல்லாமல் காத்திருப்பதைவிட மேல் என்று காட்டச் சான்று இல்லை என்றது. அவரவர் இரைச்சலின் சுருதியை மட்டும் இசையிலிருந்து நீக்கிவிட்டு மீதியைக் கேட்கும் முறை, 2010இல் ஜெர்மனியின் மூன்ஸ்டரில் ஒரு சிறிய குழுவில் நன்றாக வந்தது, பின்னர் நடந்த பெரிய சோதனையில் அவ்வளவு தெளிவாக வரவில்லை. ஒப்புக்கொள்கிறேன். 2014 அமெரிக்க வழிகாட்டுதல்கூட ஒலி சிகிச்சையை ஒரு வாய்ப்பாகத்தான் சொல்கிறது, இரைச்சலைப் பற்றிய நம் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை அதைவிட உறுதியாகப் பரிந்துரைக்கிறது. அதையும் நான் எடுத்தேன். ஆனால் என் சிகிச்சைக்கு இவ்வளவு ஆதாரம் கேட்கிறவர்கள், அந்த மழைக்கு என்ன ஆதாரம் என்று அவரிடம் ஒருவராவது கேட்டீர்களா?

காசு பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. முழுசாகக் குணமாக்குகிறேன் என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அதற்காக அளந்து பார்ப்பதே மோசடி ஆகிவிடுமா? கண்ணாடிக்கு எண் பார்க்காமல் யாராவது பொதுவாக ஒரு கண்ணாடி கொடுத்தால் போட்டுக்கொள்வோமா?

இன்னொன்று, அந்த லைவுக்குப் பிறகு என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம் இது. ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல், திடீரென்று காது கேட்காமல் போவது, இதற்கெல்லாம் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். திடீர்ச் செவித்திறன் இழப்பில் நாள் கடந்தால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அந்த லைவைப் பார்த்த யாரோ ஒருவர் இந்நேரம் மழை கேட்டுக்கொண்டு படுத்திருக்கலாம்.

"அதையே நினைச்சுக்கிட்டு இருக்காத" என்று எங்கள் வீட்டுக்காரரும் இரண்டு வருடம் சொன்னவர்தான். அவர் கெட்டவர் இல்லை. வெளியே தெரியாத வலிக்கு எதை நம்புவார்? அந்த 6000 ஹெர்ட்ஸ் ஒலியை ஆடியாலஜிஸ்ட் என் போனில் பதிந்து கொடுத்திருந்தார். ஒருநாள் இரவு ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். நாலு நொடி இருக்கும், கழற்றிவிட்டார்.

"இதுவா? எப்பவுமேவா?"

"எப்பவுமே."

அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. இப்போதும் என் இரைச்சல் நிற்கவில்லை, இதை எழுதும்போதும் கேட்கிறது. ஆனால் தூங்குகிறேன். தினமும் இரவு என் தலைமாட்டில் அலை ஒலியை வைப்பது அவர்தான். "இன்னும் கொஞ்சம் கூட்டட்டுமா?" என்று நேற்றும் கேட்டார். வேண்டாம், என்னுடையதும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்றேன். சரி என்று ஒரு புள்ளி குறைத்தே வைத்தார்.