சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் அதே கூலி

எங்க பெரியம்மா படுத்த படுக்கையா இருந்தப்போ ஒரு நாள் என்கிட்ட கேட்டாங்க, "ஏய்யா, நான் உபவாசம் இருந்தே ஆறு மாசமாச்சு, முட்டி போட்டு ஜெபிக்கவும் முடியல, ஆண்டவர் என்னைய ஏத்துக்கிடுவாரா?"ன்னு. வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகாம இருந்ததில்ல அவங்க. ரெண்டு நாள் முன்னாடி பாக்க வந்த ஒருத்தர் "விசுவாசத்துல எங்கயாவது குறை இருக்கான்னு சோதிச்சுப் பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். அன்னிக்கு வந்த கோவம் எனக்கு இன்னும் அடங்கல, அதான் எழுதுறேன்.

நான் நம்புறதை மொதல்லயே சொல்லிடுறேன். இரட்சிப்பு கிருபையால மட்டும்தான், அதாவது நம்ம கிரியையை, நாம செய்யுறதைப் பாத்து இல்ல, ஆண்டவர் சும்மா தர்ற தயவால. அதைச் சொல்ற எபேசியர் 2:8,9 சண்டே ஸ்கூல்லயே எல்லாரும் ஒப்பிச்ச வசனம். அதுக்கு அடுத்த 10ஆம் வசனத்தைத்தான் யாரும் சொல்றதில்ல. நற்கிரியை செய்யுறதுக்காக கிறிஸ்துவுக்குள்ள சிருஷ்டிக்கப்பட்டிருக்கோம்னு அதுல இருக்கு. அதாவது மரம் மொதல்ல, கனி அப்புறம். கிரியை தேவையே இல்லன்னு நான் சொல்லல, அதைக் காட்டி யாரும் உள்ள நுழைய முடியாதுன்னு சொல்றேன்.

உடனே, மனுஷன் கிரியையாலயும் நீதிமானாக்கப்படுறான்னு சொல்ற யாக்கோபு 2:24ஐ கொண்டு வருவீங்க. நியாயம்தான். வேதாகமத்துல "விசுவாசத்தினாலே மாத்திரம்"னு சேந்து வர்ற ஒரே இடம் அது, அங்கயும் "மாத்திரமல்ல"ன்னுதான் இருக்கு. புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு வழி போட்ட மார்ட்டின் லூத்தர், விசுவாசத்தால மனுஷன் நீதிமானாக்கப்படுறான்னு சொல்ற ரோமர் 3:28ஐ 1522ல ஜெர்மன்ல போட்டப்போ கிரேக்கத்துல இல்லாத "மட்டும்"ங்கிற சொல்லை அவரா சேத்தாரு, அதுவும் உண்மை. ஆனா யாக்கோபு யாரைத் திட்டுறார்னு பாருங்க. உடுத்தத் துணியில்லாம பசியோட நிக்கிறவன்கிட்ட "சமாதானத்தோட போங்க, குளிர்காய்ஞ்சு பசியாறுங்க"ன்னு வாயால மட்டும் சொல்லி அனுப்புறவனை. பெரியம்மாவுக்குப் புத்தி சொல்லிட்டுப் போனவர் ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுக்கல. பக்கத்து வீட்டு அக்காதான் தெனம் வந்து ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முதுகு தொடச்சு விட்டாங்க.

கிருபை மட்டும்தான்ங்கிற முடிவுக்கு லூத்தர் வந்ததே பயத்துலருந்துதான். ஜெர்மனியில எர்ஃபர்ட் மடத்துல துறவியா உபவாசம், ராத்திரி முழிப்பு, மணிக்கணக்கா பாவசங்கீர்த்தனம்னு எல்லாம் பண்ணியும் போதும்ங்கிற நிம்மதி அவருக்குக் கிடைக்கவே இல்ல. இவ்வளவு பண்ணினா போதும்னு எந்தக் கோடும் கிடையாதே, பின்ன எங்கருந்து நிம்மதி வரும்?

இன்னொண்ணு, கத்தோலிக்கர்கள் கிரியையால பரலோகம் போகப் பாக்குறாங்கன்னு நம்ம புராட்டஸ்டன்ட் ஆளுங்க பேசுறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. கத்தோலிக்க சபையோட திரெந்து சங்கம் 1547ல நீதிமானாக்கப்படுதல் பத்திப் போட்ட மொத விதியே, கிறிஸ்துவோட கிருபை இல்லாம தன் கிரியையால ஒருத்தன் நீதிமான் ஆகலாம்னு சொல்றவனை சபிக்கத்தான் செய்யுது. வித்தியாசம் இருக்கு, கிருபையோட மனுஷன் ஒத்துழைக்கிறதைப் பத்தி அவங்க பேசுற விதம் வேற. ஆனாலும் 1999 அக்டோபர் 31ல ஆக்ஸ்பர்க்ல லூத்தரன்காரங்களும் கத்தோலிக்கர்களும் சேந்து கையெழுத்துப் போட்டாங்க, நம்ம தகுதியால இல்ல, கிருபையாலதான்னு. 2006ல மெத்தடிஸ்ட்காரங்களும் அதை ஏத்துக்கிட்டாங்க. இங்க என்னடான்னா கிருபை கிருபைன்னு பாடிட்டு, தசமபாகம் குறைஞ்சா சாபம், உபவாச ஜெபத்துக்கு வரலன்னா பின்மாற்றம், வியாதி வந்தா விசுவாசக் குறைவுன்னு கிரியையை கொல்லைப்புறமா உள்ள கூட்டிட்டு வர்றோம்.

அன்னிக்கு பெரியம்மாவுக்கு மத்தேயு 20 வாசிச்சுக் காட்டினேன், திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமை. காலையில வந்தவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் ஒரு பணம். சின்ன வயசுல நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போனவங்க அவங்க. "அஞ்சு மணி வரைக்கும் யாரும் கூப்பிடாம நிக்கது எவ்வளவு கஷ்டம் தெரியுமாய்யா, அன்னிக்கு வீட்ல உலை வைக்க முடியாது"ன்னாங்க. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கடைசியா வந்தவனுக்கு மொதல்ல குடுக்கச் சொன்னாரோ?"ன்னு கேட்டாங்க. ஆமா பெரிம்மான்னேன்.

"அந்த எடத்த இன்னொருக்க வாசி"ன்னாங்க.