"சேர், ஓகேயா?"

மட்டக்களப்பில் எந்தக் கந்தோருக்குப் போனாலும் மேலதிகாரிகள் சொல்லும் குறை ஒன்றுதான்: "புதுப் பிள்ளைகள் ஒன்றும் கேட்கிறதில்லை. கேட்டால்தானே சொல்லிக் கொடுக்கலாம்." எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். பலர் கேட்கத்தான் செய்கிறார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைத்தான் நாம் பார்ப்பதில்லை.

நான் தொண்டு நிறுவனமொன்றில் இருந்தபோது ஒரு கள உத்தியோகத்தர் அறிக்கையை நீட்டிவிட்டு, "சேர், ஓகேயா?" என்பார். நான் முதல் பக்கத்தைப் புரட்டுவதற்குள் ஆள் வாசலில் நிற்பார். வாகரைப் பக்கம் போய்வரும் தங்கச்சி வேறு மாதிரி. "பயனாளிகளை எப்படித் தெரிவு செய்தோம் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறன் சேர். ஊர் தெரியாத ஒருத்தர் வாசித்தால் விளங்குமா?" என்பார். முதலாமவருக்கு வேண்டியது பாராட்டு. தங்கச்சிக்கு அறிக்கை திருந்த வேண்டும்.

டொன் வான்டவால் என்ற ஆய்வாளர் 1997இல் வேலையிடத்து நோக்கங்களை மூன்றாகப் பிரித்தார்: கற்றுக்கொள்வது, திறமையைக் காட்டுவது, குறை வெளிப்படாமல் தப்புவது. மூன்றாம் வகையினர் வாய் திறந்து கேட்கமாட்டார்கள், முகம் பார்ப்பார்கள். "இண்டைக்கு சேர் சிரிக்கல்ல, அறிக்கை பிழை போல" என்று தேநீர் நேரத்தில் பேசுவது அதுதான். அதுவும் தன் வேலை பற்றிய கருத்தைத் தேடும் ஒரு வழியே. என்ன, பாதி நேரம் சேருக்கு வீட்டில் ஏதோ பிரச்சினையாக இருக்கும்.

கருத்துச் சொல்பவருக்கும் நோக்கம் உண்டு. தன் கெட்டித்தனத்தைக் காட்ட நினைப்பவர் எல்லோர் முன்னாலும் கூட்டத்தில் திருத்துவார். பொல்லாப்பு வேண்டாம் என்பவர் "நல்லம், நல்லம்" என்று அனுப்பிவிடுவார். குளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் 1996இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் கருத்துச் சொன்னபின் வேலைத்திறன் குறைந்தே இருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மீது திரும்பினால் அப்படி நடக்கலாம் என்பது அவர்களின் விளக்கம்.

இதைப் பிள்ளைகளின் குணம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. சுனாமிக்குப் பிறகு இங்கே எத்தனையோ பேர் திட்ட ஒப்பந்தத்தில்தான் சீவிக்கிறார்கள். அரச கந்தோரில் மதிப்பீட்டுப் படிவமும் சம்பள ஏற்றமும் ஒரே கோவையில் கிடக்கும். அந்தக் கோவைக்குள் யார் தன் குறையைத் தானே எழுதிவைப்பார்? ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தில் "மனம் திறந்து பேசுங்கோ" என்று கூட்டம் வைப்பது வீண் வேலை. ஆறு மாதம் முன்னுக்கே வையுங்கோ, கோவை இல்லாமல். முதலில் மேலதிகாரி தன் அறிக்கையை மேசையில் போட்டு, "இதில் எங்கே விளங்கவில்லை?" என்று அந்தத் தங்கச்சியிடம் கேட்கட்டும்.