கொப்புளத்துக்கு இடம் விடுங்கள்

நெடுந்தூர நடைக்கான முதலுதவிப் பையில் எடையைக் குறைக்க, பிளாஸ்திரிச் சுருளையே விட்டுவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. மற்ற யோசனைகள் அருமை. இதை மட்டும் ஏற்க முடியவில்லை. குதிகாலில் ஒரு கொப்புளம் வந்தால் பயணமே பாதியில் நின்றுவிடும். முழுச் சுருள் எதற்கு? இரண்டு மீட்டரைச் சிறு பென்சிலில் சுற்றிக்கொள்ளுங்கள். தோல் சிவந்து எரியத் தொடங்கியதுமே காலுறையைக் கழற்றி, ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஒட்டும் துண்டின் நான்கு முனைகளையும் வளைவாக வெட்டிவிட்டால், காலுறை உரசி ஓரம் சுருண்டு பிரிந்து வராது. மாத்திரைகளை உதிரியாகக் கொட்டி எடுத்துப் போகாதீர்கள். பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி அட்டையோடு நறுக்கி வையுங்கள். வயிற்றுப்போக்குக்கு, ஒரு லிட்டர் நீரில் கரைக்கும் ஓஆர்எஸ் (உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலமும் கட்டாயம் வேண்டும். அதன் தூள் 20.5 கிராம்தான்.