கணினி தருவது பட்டியல்தான், சிகிச்சை அல்ல

“பழைய மருந்து ஒன்று புதிய வைரஸுக்குப் பொருந்தும் என்று கணினி காட்டிவிட்டால் நேராக நோயாளிக்குக் கொடுத்துவிடலாம், சோதனையெல்லாம் காலவிரயம்” என்று எழுதி, பாரிசிடினிப் என்ற மருந்தைச் சான்றாகக் காட்டியிருக்கிறீர்கள். இது தவறு, ஆபத்தான தவறும்கூட.

கணினி என்ன செய்கிறது? வைரஸ் புரதத்தில் உள்ள ஒரு குழிவுக்குள் மருந்தின் மூலக்கூறைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று மதிப்பெண் போடுகிறது. மருந்து நுரையீரலுக்குப் போதிய அளவில் போய்ச் சேருமா என்பது அந்த மதிப்பெண்ணில் இல்லை. உதாரணமாக, ஒட்டுண்ணிகளை ஒழிக்கும் மருந்தான ஐவர்மெக்டின் 2020இல் ஆய்வகச் செல்களில் கொரோனா வைரஸை அடக்கியது உண்மை. ஆனால் அங்கே பயன்படுத்திய செறிவு, வழக்கமான அளவில் மாத்திரை சாப்பிட்டால் இரத்தத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

நீங்கள் சான்றாகக் காட்டும் பாரிசிடினிப்பே உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. முடக்குவாத மருந்தான அதை 2020 பிப்ரவரியிலேயே செயற்கை நுண்ணறிவின் துணையோடு அடையாளம் கண்டார்கள். ஆனாலும் நோயாளிகளிடம் முறையாகச் சோதித்த பிறகே கோவிட் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. கோவிட் மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்த பிரிட்டனின் ரிகவரி ஆய்வில் இதை 8,000க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோது இறப்பு சுமார் 13 சதவீதம் குறைந்தது. பலரும் நம்பிய மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் இறப்பைக் குறைக்கவில்லை என்று 2020 ஜூனில் காட்டியதும் அதே ஆய்வுதான்.