ஷீலா-ந-கிக் 5000 ஆண்டுப் பழசு அல்ல

விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு வெள்ளிப் பதக்கத்தில் இருப்பது '5000 ஆண்டுப் பழமையான கெல்டியத் (பண்டைய ஐரோப்பிய இனத்தாரின்) தாய்த்தெய்வம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. இது ஷீலா-ந-கிக். பெரிய தலை, உருண்டைக் கண்கள், இரு கையாலும் யோனியை விரித்துக் காட்டும் கல் உருவம். அயர்லாந்தில் நூற்றுக்கும் மேல் உண்டு. பெரும்பாலானவை 12ஆம் நூற்றாண்டு முதல் தேவாலயச் சுவர்களிலும், பிறகு கோட்டைகளிலும் வைக்கப்பட்டவை. 5000 ஆண்டு என்றால் அயர்லாந்தின் கற்காலக் கல்லறை மேடான நியூகிரேஞ்ச் கட்டப்பட்ட காலம். அந்தக் கற்களில் இருப்பவை சுருள், சாய்சதுரம் போன்ற கோட்டு வடிவங்கள்தான்.

தீமையை விரட்டவா, காமத்தை எச்சரிக்கவா, பிரசவத்தைக் காக்கவா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தெய்வம் என்பதும் ஓர் ஊகமே. கையால் செய்த அழகான நகை, தாராளமாக வாங்குங்கள். ஆனால் மூலக் கல் உருவத்தைச் செதுக்கிய இடைக்காலக் கல்தச்சரின் பெருமையைப் பறிக்காதீர்கள்.