எட்டு பின்னைச் சால்டர் செய்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கார்டைப் பக்கத்தில் வைத்தாலே அதன் எண்ணைப் படிக்கும் இந்த ஆர்சி522 ரீடரை விற்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்தை எங்காவது கொட்டியே ஆக வேண்டும். கவரைப் பிரித்தால் ஒரு நீல போர்டு, ஒரு வெள்ளைக் கார்டு, சாவிக்கொத்தில் மாட்டும் ஒரு டேக், அப்புறம் தனியாக, வயர் மாட்டுவதற்கான எட்டு பின் உள்ள ஹெடர் துண்டு. அந்த ஹெடரைப் போர்டில் சால்டர் செய்து (ஈயத்தால் பற்றவைத்து) தர மாட்டார்கள். சரி, செய்து தர வேண்டாம், சால்டர் செய்யாமல் இது வேலை செய்யாது என்று ஒரு வரி எழுதியாவது வைக்கலாமே, அதுவும் கிடையாது. இதை வாங்குவது யார்? காலேஜ் ப்ராஜெக்டுக்காக வருகைப் பதிவு சிஸ்டமோ கதவுப் பூட்டோ செய்யப் போகும் பிள்ளைகள். வீட்டில் சால்டரிங் அயர்ன் இருக்காது. ஓட்டைக்குள் பின்னைச் செருகி, ஜம்பர் வயர் மாட்டி, ஆர்டுயினோ என்ற கண்ட்ரோலர் போர்டோடு இணைக்கிறார்கள். போர்டில் சிவப்பு எல்இடி எரிகிறது. எரிந்தால் கனெக்‌ஷன் சரி என்றுதானே யாரும் நினைப்பார்கள்? கார்டை வைக்கிறார்கள், ஒன்றும் வராது. எடுத்து வைக்கிறார்கள், ஒன்றும் வராது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்படி மாட்டிக்கொண்டால் போர்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். வந்ததும் எல்லாரும் சொல்லும் முதல் வார்த்தை, "அண்ணா, கோடு வேலை செய்யல." கோடில், அதாவது ஆர்டுயினோவில் ஏற்றும் ப்ரோக்ராமில், ஒரு எழுத்துகூடத் தப்பு இருக்காது! ரீடருக்கான லைப்ரரியோடு (தயார் கோடுத் தொகுப்போடு) வரும் உதாரணத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள். ஆனால் யாரோ ஒருவர், பெரும்பாலும் ப்ராஜெக்ட் கைடு, கோடைப் பாரு என்று சொல்லியிருப்பார், அதை நம்பி வேறு வேறு இடத்திலிருந்து கோடு எடுத்து மாற்றி மாற்றிப் போட்டு, நல்லா இருந்த கோடையும் கெடுத்து வைத்திருப்பார்கள். ரிவ்யூவில் அவுட்புட் எங்கே என்று கேட்டு மார்க்கைக் குறைத்த பிறகு அழாத குறையாக வந்த ஒரு பெண்ணின் போர்டைப் பார்த்தேன், எட்டு பின்னும் ஓட்டைக்குள் ஆடிக்கொண்டிருந்தன. கோடு முழுக்கச் சரி. அந்த மார்க்கை யார் திருப்பித் தருவார்கள்?

இதைக் கண்டுபிடிக்க அரை நிமிஷம் போதும், அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. அதே லைப்ரரியில் டம்ப்இன்ஃபோ என்று ஒரு உதாரணம் இருக்கிறது. ஏற்றிவிட்டு, ஆர்டுயினோ அனுப்புவதைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரின் வேகத்தைக் கோடில் போட்ட 9600-க்கே வைத்துவிட்டுப் பார்த்தால், முதலில் சிப்பின் வெர்ஷன் எண் வரும். ஹெக்ஸில் (16-ஐ அடிமானமாகக் கொண்ட எண்ணில்) 92 வந்தால் வெர்ஷன் 2, 91 வந்தால் வெர்ஷன் 1, 88 வந்தால் அது நகல் சிப், ஆனாலும் பேசுகிறது. 00 அல்லது எஃப்எஃப் வந்தால் ரீடரோடு பேச்சே நடக்கவில்லை, வயரையும் பின்னையும் சால்டரையும் பார்க்க வேண்டியதுதான், கோடைத் தொடவே தேவையில்லை. இந்த ஒரு எண்ணைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்காமல் எத்தனை வீடியோ! எடுத்ததும் கார்டைத் தட்டுவார்கள், திரையில் நம்பர் வரும், "அவ்வளவுதான் நண்பர்களே" என்று முடித்துவிடுவார்கள். வராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை கிடையாது. வீடியோ பார்க்கிறவனுக்கு வேண்டியதே அதுதானே?

அடுத்து, போர்டில் ஒரு பின்னுக்குப் பெயராக அச்சடித்திருக்கும் அந்த எஸ்டிஏ. இதை அச்சடித்தவரை நேரில் பார்த்தால் கேட்காமல் விட மாட்டேன். இந்த ரீடரில் இருக்கும் எம்எஃப்ஆர்சி522 சிப்புக்குக் கண்ட்ரோலரோடு எஸ்பிஐ, ஐ2சி, யுஏஆர்டி என்று மூன்று வழியிலும் பேசத் தெரியும், அதற்கேற்ப ஒரே பின்னுக்கு மூன்று வேலை. ஐ2சி-யில் அது எஸ்டிஏ, எஸ்பிஐ-யில் அது சிப்பைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ். கடையில் கிடைக்கும் இந்த நீல போர்டை எஸ்பிஐ-க்கென்றே இணைத்துத்தான் விற்கிறார்கள். பக்கத்திலேயே எஸ்சிகே, மோசி, மிசோ என்று எஸ்பிஐ பெயர்களைப் போட்டுவிட்டு இந்த ஒன்றுக்கு மட்டும் ஐ2சி பெயரை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ஒழுங்காகப் பாடம் படித்த பிள்ளை என்ன செய்யும்? ஆர்டுயினோ ஊனோ போர்டில் எஸ்டிஏ என்றால் ஏ4 என்று நினைவு வைத்து அங்கே கொண்டுபோய் மாட்டும். படித்ததற்குத் தண்டனை! அது போக வேண்டிய இடம் ஊனோவில் 10-ஆம் பின், ஆர்டுயினோ மெகா போர்டில் 53. மெகாவில் எஸ்பிஐ பின்களே வேறு, 50, 51, 52 என்று இருக்கும், ஊனோவுக்கான படத்தைப் பார்த்து 11, 12, 13-இல் மாட்டினால் காலம் முழுக்கக் காத்திருந்தாலும் 00 தான்.

வோல்ட்டேஜ் விஷயம் இதைவிடக் கொடுமை, ஏனென்றால் இதில் பொருளே போய்விடும். சிப்புக்கு 3.3 வோல்ட்தான். அதிகபட்சம் தாங்குவது 4 வோல்ட் என்று சிப் தயாரித்தவர்களின் டேட்டாஷீட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது. போர்டிலும் 3.3 என்று அச்சடித்திருக்கிறது, அது மட்டும் சரியாக இருக்கிறது. ஆனாலும் "5 வோல்ட் கொடுத்தால் தூரம் அதிகமாகும்" என்று யாரோ கிளப்பிவிட, அதை நம்பிப் பிள்ளைகள் சிப்பைக் கொன்றுகொண்டிருக்கிறார்கள். தூரம் ஆன்டெனாவைப் பொறுத்தது, இந்தச் சின்ன போர்டில் சில சென்டிமீட்டர் கிடைத்தாலே சரி. ஊனோவின் சிக்னல் பின்களும் 5 வோல்ட் தரும், டேட்டாஷீட் கணக்குப்படி அதுவும் அளவுக்கு மேல்தான். பலருக்கு அப்படியே ஓடுகிறது என்பது உண்மை, ஓடும்வரை ஓடும். புதிதாக வாங்குகிறவர்கள் 3.3 வோல்ட்டிலேயே பேசும் ஈஎஸ்பி32 கண்ட்ரோலர் போர்டை வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

கார்டு கதை ஒரு பக்கம். ஆபீஸ் கதவுக்குக் கொடுத்த கார்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதில் பல வேலை செய்யும் ரேடியோ அலைவரிசை 125 கிலோஹெர்ட்ஸ், இந்த ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸ், ரெண்டும் ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது. ஒருவர் காரிலிருந்து ஃபாஸ்டேகையே கழற்ற இருந்தார், அது 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்வது என்று சொல்லித் தடுத்தேன். போனை வைத்தால் நம்பர் வரும், அடுத்த முறை வேறு நம்பர் வரும், பாதுகாப்புக்காகப் போன் அப்படித்தான் மாற்றி மாற்றிக் கொடுக்கும். ஆனால் ரீடர் ரிப்பேர் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு போட்டு இந்த மூன்று எண்ணையும் எழுதியிருந்தால் இவ்வளவு பேர் அலைய வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலே விற்கிறவர்களின் ரிட்டர்ன் விதி. "சால்டர் செய்த பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது." நல்லா யோசித்துப் பாருங்கள். சால்டர் செய்யாமல் அது உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க வழியே இல்லை. சோதித்துப் பார்த்து, செத்த போர்டு என்று தெரிந்து கொண்டுபோனால், சால்டர் செய்துவிட்டாய் என்று கையை விரிக்கிறார்கள். பாக்கெட் மணியில் வாங்கிய பிள்ளை மறுபடி காசு போட்டு இன்னொன்று வாங்க வேண்டும், அதுவும் எப்படி வருமோ!

விற்கிறவர்களே, ஹெடரை நீங்களே சால்டர் செய்யுங்கள். ஒரு தடவை ஆர்டுயினோவோடு இணைத்து 92 வருகிறதா, 91 வருகிறதா என்று பாருங்கள். பார்த்ததைக் கவர் மேல் எழுதுங்கள். அதற்குக் கூடப் பத்து இருபது ரூபாய் வேண்டுமென்றால் கேளுங்கள், கொடுத்துவிட்டுப் போகிறோம்.