மல்லாந்தால் தோல்வியா?

'மல்லாந்து விழுந்தாலே ஆட்டம் காலி, கார்டு சும்மா தப்பிக்கத்தான்' என்று பிரேசிலிய ஜியு-ஜிட்சு பற்றி மேலே எழுதியிருக்கும் ராயபுரம் அண்ணாவுக்கு: அது குஸ்திக் கணக்கு. கார்டு என்பது கீழே இருந்தபடி கால்களால் எதிராளியைக் கட்டுப்படுத்தும் நிலை. ஜியு-ஜிட்சு போட்டிகளை நடத்தும் சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப்பின் விதிப்படி தூக்கிப் போட்டால் 2 புள்ளி, சரி. ஆனால் நாமே கார்டுக்கு இழுத்துப் படுத்தால் எதிராளிக்குப் பொதுவாகப் புள்ளி கிடையாது. அவர் நம் கால்களைத் தாண்டி வந்து நிலைத்தால்தான் 3. கீழிருந்து புரட்டி மேலே வந்தால் நமக்கு 2.

தாண்ட விடாமல் காப்பதும் தாக்குவதும் தனித்தனி இல்லை. முழங்கையும் முழங்காலும் ஒட்டியிருக்க, இடுப்பை நகர்த்தி முழங்காலை மறுபடி நடுவே நுழைக்கிறோம். அவர் பொறுமை இழந்து ஒரு கையை மட்டும் உள்ளே விடுவார் பாருங்கள், அங்கேதான் டிரையாங்கிள் விழும், அதாவது கழுத்தையும் அந்த ஒரு கையையும் கால்களால் முக்கோணமாகப் பூட்டி நெரிக்கும் பிடி. 1994 டிசம்பரில், யுஎஃப்சி 4 என்ற கலப்புச் சண்டைப் போட்டியின் இறுதியில், தன்னைவிடப் பெரிய மல்யுத்த வீரரான டான் செவர்னை ராய்ஸ் கிரேசி மல்லாந்து கிடந்தபடியே அப்படித்தான் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார்.